ஓட்டுநரும் உறக்கமும்

(கல்விக் கழக வெள்ளிவிழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளிவிழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவதே மரபு. நமக்கு முன் பேசியவர்கள் அதனைச் செவ்வனே பேசிவிட்டனர். ஒற்றைக் குழல்விளக்கின் கீழ் இக்கழகம் நடத்திய இரவுப் பள்ளியையும், அதிலிருந்து பட்டம் பெற்றுச் சென்றோரையும் அவர்கள் நினைவுகூர்ந்தனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. உறக்கத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். தலைமையாசிரியர் உறக்கத்தைப் பற்றிப் பேசப் போகிறாரா என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. வகுப்பில் உறங்கியவர்கள் மீது சுண்ணக்கட்டி எறிந்த கைதான் இது, மறுக்கவில்லை.

இக்கழகத்தின் துணையால் படித்தவர்களுள் ஆசிரியர் உண்டு, செவிலியர் உண்டு, எழுத்தர் உண்டு. ஆயினும் நம் தெருக்களில் வீடு வீடாக எண்ணிப் பார்த்தால் வண்டியோட்டிப் பிழைப்பவர்களே மிகுதி. களக்காட்டு வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழி வழியாக மேற்கே செல்பவர்கள் நம் பிள்ளைகள். பாவூர்ச்சத்திரம் சந்தைக் காய்கறியைப் புளியரை வழியாகக் கேரளத்திற்குக் கொண்டு செல்பவர்களும், தூத்துக்குடியிலிருந்து விடியுமுன் மீன் கொண்டு வருபவர்களும் நம்மவர்களே. கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்கள், ஆனி ஆடியில் குற்றாலத்திற்கு வருவோர், ஆடி அமாவாசையில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போவோர் என ஆண்டு முழுவதும் வேன் ஓடுகிறது. சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். அதனை ஒரே இரவில் ஒருவனே ஓட்டிச் சென்று, மறுநாள் மாலையே திரும்புகிறான்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். போக்குவரத்து வாகனம் ஓட்டும் உரிமத்திற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்னும் விதி 2019 வரை இருந்தது. படிப்பை நிறுத்திச் சென்ற பிள்ளைகள் பலர் மீண்டும் நம் அறை வாசலில் வந்து நின்றது அந்தச் சான்றிதழுக்காகவே. கையொப்பமிட்டுக் கொடுத்தவர் நாம். ஆதலின் அவர்கள் ஓட்டும் வண்டியில் நமக்கும் ஒரு பங்கு பொறுப்பு உண்டு.

ஓட்டுநர் இருக்கை என்பது நமக்கு வெறும் பிழைப்பு மட்டுமன்று. நம் பாட்டனார் பிறர் வண்டிக்குப் பின்னால் நடந்தவர். மாவீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் 1997இல் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகம் அமைந்தபோது, அப்பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று எதிர்ப்பு எழுந்ததும், கலவரம் மூண்டதும், முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்களின் பெயர்கள் அகற்றப்பட்டதும் பெரியோர்கள் அறிந்தவை. நெல்லையின் பேருந்துகளிலிருந்து கட்டபொம்மன் பெயர் மறைந்ததும் அப்போதுதான். பெயரைத் தாங்கிய பேருந்தையே பொறுக்காத மண்ணில், முன்னிருக்கையில் அமர்ந்து, பின்னால் எல்லாச் சாதியாரையும் ஏற்றிக்கொண்டு ஒருவன் வண்டியோட்டுகிறான் என்றால் அவன் நெஞ்சு நிமிர்வது இயல்பே. அதனாலேயே, 'இன்று என்னால் இயலாது, கண் அயர்கிறது' என்று அவன் வாயிலிருந்து எளிதில் வருவதில்லை. சொன்னால் இளப்பமாகிவிடுமோ என்று அஞ்சுகிறான். அந்த அச்சத்தை வளர்த்ததில் நமக்கும் பங்குண்டு. அதனைச் சொல்லவே இன்று எழுந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கூட்டம் ஒன்றில் ஒரு மாணவனுக்குப் பொன்னாடை போர்த்தினோம். அவன் பெயர் இங்கே வேண்டா. தந்தையை இழந்தவன், பகலில் கல்லூரி, இரவில் சரக்கு வண்டி. 'நாள்தோறும் நான்கு மணி நேரமே உறங்கி, தன் படிப்பையும் தங்கையின் படிப்பையும் காக்கிறான்' என்று பாராட்டுரை எழுதியவர் நாமே. அவ்வரியைப் படித்தபோது அவையோர் நெடுநேரம் கைதட்டினர். மற்ற பிள்ளைகளிடம், 'அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்' என்றும் கூறினோம்.

ஓராண்டு கழிந்தது. வாழைத்தார் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பி வருகையில், விடியற்காலை 5 மணியளவில், நாங்குநேரிக்கு அருகே நான்குவழிச் சாலையின் ஓரத்தில் விளக்கின்றி நின்ற லாரியின் பின்புறத்தில் அவன் வண்டி மோதியது. சாலையில் பிரேக் பிடித்த தடமே இல்லை. இடப்பக்கம் அமர்ந்திருந்த அவனுடைய மாமன் மகன் அவ்விடத்திலேயே இறந்தான். துணைக்கு வந்த பையன், வயது 19. அது அவ்வாரத்தில் அவனுக்கு ஐந்தாவது இரவுநடை. முந்திய மாலை ஓய்வு கேட்டிருக்கிறான். வேறு ஆள் இல்லை, இன்னும் ஒரு நடைதான் என்று விடை வந்திருக்கிறது. வண்டிக்குக் காப்பீடு இருந்தது. உரிமையாளர் மறு வண்டி வாங்கிவிட்டார். வழக்கு இவன் பெயரில். கல்லூரி இரண்டாம் ஆண்டோடு நின்றது. மாமன் வீட்டுக்கும் இவன் வீட்டுக்கும் இன்றுவரை பேச்சில்லை. பொன்னாடையை அவன் தாய் மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.

மருத்துவமனையில் அவனைக் கண்டபோது, "சார், நான் தூங்கல சார். கண்ணு முழிச்சுத்தான் இருந்தேன்" என்றான். அன்று நாம் அதனை நம்பவில்லை. பின்னர் படித்து அறிந்தபோதுதான், அவன் பொய் கூறவில்லை என்பது விளங்கிற்று.

உறக்கம் வருமுன் கதவைத் தட்டும் என்று நாம் எண்ணுகிறோம். மிகவும் களைத்த மூளை அவ்வாறு செய்வதில்லை. சில நொடிகளுக்கு அது தானாகவே அணைந்து எரிகிறது. கண் திறந்திருக்கலாம், கை சக்கரத்தின் மீதே இருக்கலாம், ஆனால் காண்பது எதுவும் உள்ளே செல்வதில்லை. இதனை நுண்ணுறக்கம் என்பர். நேர்ந்ததே அவனுக்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். நான்கு நொடியில் ஏறத்தாழ 90 மீட்டர். நம் பள்ளி மைதானத்தில் நூறு மீட்டர் ஓட்டத்திற்குக் கோடு போடுகிறோமே, அக்கோட்டின் தொடக்கத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு முடிவு வரை வண்டியை விடுவதற்கு ஒப்பாகும் இது. பிரேக் தடம் ஏன் இல்லை என்பதும் இதனால் விளங்கும். குடித்தவனுக்குக்கூடக் கடைசி நொடியில் கால் எழும்பக்கூடும். உறங்குபவனுக்கு அக்கால் இல்லை.

நம் இலக்கணப் பெரியோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் இரவின் கடைக்கூறு வைகறை. இரவு 2 மணி முதல் 6 மணி வரை. இக்கால அறிவியல் உடலின் கடிகாரம் மிகவும் தாழ்ந்திருக்கும் வேளை என்று குறிப்பதும் ஏறத்தாழ அதே பொழுதைத்தான். இரண்டாவது தாழ்வு நண்பகல் கழிந்து எற்பாடு தொடங்கும் வேளையில், பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை வரும். உண்ட சோற்றை மட்டும் அதற்குக் குற்றம் சொல்ல வேண்டா. உண்ணாதவனுக்கும் அது வரும். இந்தக் கடிகாரத்தோடு விழித்திருந்த நேரத்தின் பாரமும் சேர்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் ஏடெழுதிய கடனைப் போல் ஏறிக்கொண்டே போகும். உறங்கினால் அன்றி அக்கடன் தீராது. தேநீர் வட்டியைத் தள்ளிவைக்கும், அசலைத் தொடாது.

நாமும் இதற்கு விலக்கல்லோம். ஒரு தேர்தல் பணியின்போது முந்திய இரவு வாக்குச்சாவடியிலேயே தங்கி, கொசுக்கடியில் அரைகுறையாய் உறங்கி, மறுநாள் விடியுமுன் எழுந்து, பெட்டிகளை ஒப்படைத்து வெளியே வந்தபோது நள்ளிரவு கடந்து 2 மணி. அங்கேயே ஒரு பெஞ்சில் படுத்திருக்கலாம். 'வீடு 30 கிலோமீட்டர்தானே' என்று மோட்டார் சைக்கிளை எடுத்தோம். சேரன்மகாதேவியைக் கடந்தது நினைவில் உள்ளது. அடுத்து நினைவில் உள்ளது, தார்ச்சாலையை விட்டு வண்டி மண்ணில் இறங்கிய குலுக்கல். முன் சக்கரத்துக்கு எதிரே கால்வாய் நீர் நிலவொளியில் பளபளத்தது. இடையில் கழிந்த தொலைவு இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. இதனை வீட்டில்கூடச் சொன்னதில்லை. இன்றுதான் சபையில் சொல்கிறோம். 'கடைசியாகக் கடந்த ஊர் எது' என்று கேட்டு, மனம் விடை கூறாவிட்டால், அக்கணமே வண்டியை ஓரம் கட்ட வேண்டும். கொட்டாவி, கண் எரிச்சல், கோட்டை விட்டு வண்டி சாய்தல் எல்லாம் அதற்கு முன்பே வந்து போயிருக்கும்.

குடித்துவிட்டு ஓட்டுவது இழிவு என்பதை நம் இளைஞர் இன்று ஓரளவு உணர்ந்துள்ளனர். உறங்காமல் ஓட்டுவதையோ திறமை என்கின்றனர். 1997இல் டாசன், ரீட் என்னும் இரு ஆய்வாளர் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கையும் கண்ணும், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் கையும் கண்ணும் போல் தடுமாறின. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 100 மில்லிகிராம் அளவுக்குச் சென்றது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வகுத்த எல்லை 30 மில்லிகிராம். அதிகாலை 5 மணிக்கு எழுந்தவன் இரவு 10 மணிக்கே அவ்வெல்லையைக் கடந்தவனாகிறான். மதுவைத் தொடாதவன், நெற்றியில் திருநீறு, ஊதச் சொன்னால் கருவி ஒன்றும் காட்டாது. ஆயினும் குடித்தவனோடு ஒத்தவன்.

கருவி காட்டாததால் ஏட்டிலும் அது ஏறுவதில்லை. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. விதிமீறல்களைப் பகுக்கும் அட்டவணையில் அதிவேகத்துக்கு இடமுண்டு. குடிக்கு, தவறான பக்கத்தில் ஓட்டுவதற்கு, சிவப்பு விளக்கைத் தாண்டுவதற்கு, கைப்பேசிக்கு எல்லாம் இடமுண்டு. உறக்கத்துக்குத் தனி இடமில்லை. காவல் நிலையத்தில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. எத்தனை மணி நேரம் அவன் விழித்திருந்தான், யார் அவனை விழிக்க வைத்தார் என்பதை எவரும் கேட்பதில்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்தமைக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. பழைய சட்டத்தில் இரண்டாண்டு. தண்டனை ஏறியிருக்கிறது, பேட்டா அந்த அளவுக்கு ஏறியதாக நாம் கேள்விப்படவில்லை.

மன உறுதி இருந்தால் உறக்கத்தை வெல்லலாம் என்போருக்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். 2010 மே 22 அன்று விடியற்காலையில் துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து 158 பேர் மாண்டனர். எட்டுப்பேரே பிழைத்தனர். தலைமை விமானி பயணத்தின் பெரும்பகுதி உறங்கிவிட்டு, எழுந்தவுடன் தெளிவின்றி இறக்கத் தொடங்கினார் என்றும், இறக்காமல் மேலெழும்பும்படி துணை விமானி எச்சரித்தும் அவர் கேளாமல் இறக்கினார் என்றும் விசாரணை மன்றம் கண்டது. பல்லாயிரம் மணி நேரம் பறந்த அனுபவசாலி அவர். அவர் மூளையே அந்நேரத்தில் அவருக்குக் கீழ்ப்படியவில்லை. இதில் இன்னொரு பாடமும் அடங்கியுள்ளது: ஓரம் கட்டி உறங்கி எழுந்தவன் உடனே சாவியைத் திருகக் கூடாது. முகம் கழுவி, பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து, தெளிந்த பிறகே எடுக்க வேண்டும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் கல்விக் கழகத்துக்கு வேலை இருக்கிறது.

தொழிலாளியின் நாளுக்கு ஓர் எல்லை வேண்டும் என்று நம் நாட்டில் போராடியவர்களுள் அண்ணல் அம்பேத்கர் முன்னிற்பவர். வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை 1942 முதல் 1946 வரை வகித்தபோது, ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் சட்டத்திருத்தத்தை அவர் கொணர்ந்தார். அவர் படத்தை வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பதினாறு மணி நேரம் ஓட்டுகிறோம். படத்தைப் பார்க்கும் கண் அவர் வாங்கித் தந்ததைப் பார்ப்பதில்லை. சக்கரத்தில் உழைப்பவர்களுக்கென 1961இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நெடுந்தொலைவுக்கும் திருவிழாக் காலத்துக்கும் அனுமதியோடு நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி. ஐந்து மணி நேரம் தொடர்ந்து உழைத்தால் அரைமணி ஓய்வு. ஒருநாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்கும் வரை 9 மணி நேரத் தொடர் ஓய்வு. ஸ்டியரிங் பிடிக்கும் நேரம் மட்டுமன்றி, வண்டியைச் சார்ந்த துணை வேலைகளும் கணக்கில் சேரும் என்றது அச்சட்டம். அதனை 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தன்னுள் அடக்கிக்கொண்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. எட்டு மணி நேரம் என்னும் அளவு அதிலும் இருக்கிறது.

ஐரோப்பிய நாடுகளில் லாரிக்குள் ஒரு கருவி ஓட்டும் நேரத்தைப் பதிவு செய்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம், 24 மணி நேரம் உறங்காமல் ஓட்டி உயிர்ச்சேதம் விளைவிப்பதைக் குற்றமாகக் கொள்ளும் சட்டத்தை 2003இல் இயற்றியது. முப்பது மணி நேரம் உறங்காத ஒருவன் ஒரு மாணவியைக் கொன்றுவிட்டு, 200 டாலர் அபராதத்தோடு வெளியேறியதே அச்சட்டத்துக்குக் காரணம். நம் நாட்டிலோ, 2020இல் சேவ் லைஃப் அறக்கட்டளை பத்து நகரங்களில் லாரி ஓட்டுநர்களைக் கேட்டபோது, நாள்தோறும் சராசரியாக ஏறத்தாழ 12 மணி நேரம் ஓட்டுவதாகத் தெரியவந்தது. உறக்கம் வந்தாலும் ஓட்டுகிறோம் என்று ஏறத்தாழப் பாதிப்பேர் ஒப்புக்கொண்டனர்.

'சட்டம் பேசினால் நாளை வேறு ஆளை வைப்பார்கள்' என்று நீங்கள் கூறுவீர்கள். உண்மை. ஒற்றை ஆளாய்ப் பேசினால் வைப்பார்கள். ஒரு வண்டி, இரு வண்டி வைத்திருப்பவரிடம் 1961ஆம் ஆண்டுச் சட்டமும் சென்றதில்லை. ஐந்து தொழிலாளருக்குக் குறைந்தால் அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. நம் பிள்ளைகளுள் பலர் அத்தகைய வண்டிகளில்தான் ஓடுகின்றனர். ஆகவே இரண்டு காரியம் கேட்கிறோம். ஓட்டுநர் ஒவ்வொருவரும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்து, வண்டி எடுத்த நேரம், விட்ட நேரம், உறங்கிய நேரம் ஆகியவற்றை நாள்தோறும் எழுதுங்கள். நாளை ஒரு வழக்கு வந்தால், எவரும் கேட்காத கேள்விக்கு அந்நோட்டு விடை சொல்லும். இரண்டாவது, வண்டி உரிமையாளர்களிடம் இளைஞர்கள் கூடிச் சென்று, நாலு இரவுக்கு மேல் தொடர் நடை இல்லை என்று பேசுங்கள். கழகப் பொறுப்பாளர்கள் உடன் வருவார்கள், நாமும் வருவோம். உரிமையாளர்களுள் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவர்களிடம்தான் முதலில் செல்ல வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். இரவு ஓட்டி வந்தவன் பகலில் படுத்தால், 'பகல் தூக்கம் வீட்டுக்கு ஆகாது' என்று எழுப்பாதீர்கள். வள்ளுவர் மடியின்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார் என்பது உண்மையே; அது சோம்பலைப் பற்றியது, உழைத்தவனின் உறக்கத்தைப் பற்றியதன்று. ஆனால் தாய்மாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பதும் நமக்குத் தெரியும். ஒரே அறையுள்ள தொகுப்பு வீடு. சித்திரை வெயிலில் கான்கிரீட் கூரை அடுப்பாய்க் கனல்கிறது. ஒரு மூலையில் பீடி சுற்றுகிறார்கள், மறு மூலையில் குழந்தை அழுகிறது, வெளியே கொடை விழா ஒலிபெருக்கி. அவ்வீட்டில் பகல் 11 மணிக்கு எவனால் உறங்க இயலும்? நாலு மணிக்குக் கடன் தீராத கண்ணோடு மீண்டும் வண்டி ஏறுகிறான். மாடி வீட்டுக்காரன் உறங்கும் உறக்கம் வேறு, நம் ஓட்டுநன் உறங்கும் உறக்கம் வேறு. இக்கழகக் கட்டடத்தின் வடபுற அறை வேப்பமர நிழலில் உள்ளது. பகலில் பூட்டியே கிடக்கிறது. மாலையில்தான் தனிப்பயிற்சி நடக்கிறது. அதனைப் பகலில் ஓட்டுநர் ஓய்வறையாகத் திறந்துவிட வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்துள்ளோம். இரண்டு மின்விசிறி நம் பொறுப்பு.

வழியில் கண் அயர்ந்தால் செய்வதென்ன? பச்சைமிளகாய் கடிப்பதும், இமையில் தைலம் தடவுவதும், புகையிலையைக் கன்னத்தில் அதக்குவதும், பாட்டை உரக்க வைப்பதும் நாம் கேள்விப்பட்டவை. அவை முகத்தை விழிக்க வைக்கும், மூளையை அன்று. நெடுஞ்சாலையில் காவலர் இரவில் வண்டியை நிறுத்தி முகம் கழுவச் சொல்லித் தேநீர் கொடுப்பது நற்செயலே. ஆனால் தேநீர் வேலை செய்ய அரைமணி ஆகும். குடித்துவிட்டு, விளக்கு வெளிச்சமுள்ள பெட்ரோல் நிலையத்திலோ சுங்கச்சாவடிக்கு அருகிலோ நிறுத்தி இருபது நிமிடம் படுத்தால் இரண்டும் சேர்ந்து உதவும். அதுவும் அடுத்த ஒரு மணி நேரத்துக்குத்தான். சாலையோரத்தில் விளக்கணைத்து நிறுத்திப் படுக்காதீர்கள். பின்னால் வருபவனும் உங்களைப் போன்று நாலு இரவு உறங்காதவனாக இருக்கலாம். நம் மாணவன் மோதியது அத்தகைய ஒரு லாரியில்தான்.

அம்மாணவன் இன்று இக்கூட்டத்துக்கு வந்திருக்கிறான். எங்கே அமர்ந்திருக்கிறான் என்று திரும்பிப் பார்க்க வேண்டா. அவனிடம் இசைவு பெற்றே இதனைக் கூறினோம். 'என் கதையைச் சொல்லுங்கள் சார், பொன்னாடைக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்' என்றான். சேர்த்தே சொன்னோம். தொலைநிலைக் கல்வியில் விட்ட படிப்பைத் தொடர அவனுக்கு இவ்வாண்டு கழகம் கட்டணம் செலுத்தியிருக்கிறது.

இவ்விழாவுக்கு மதுரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் நான்கு வேன்களில் உறவினர் வந்துள்ளனர். கலைநிகழ்ச்சி முடிய இரவு 11 மணி ஆகும் என்று அழைப்பிதழ் கூறுகிறது. ஓட்டுநர்கள் நால்வரும் நேற்று நள்ளிரவே கிளம்பியவர்கள்; விசாரித்தோம். நம் பள்ளியின் ஆறாம் வகுப்பு அறையில் அவர்களுக்குப் பாய் விரித்துள்ளோம். வண்டிச் சாவிகள் நான்கும் நம் சட்டைப் பையில் உள்ளன. காலை 6 மணிக்குத் தேநீரோடு தருவோம். வந்தவர்களுக்கு இங்கேயே இரவுச் சாப்பாடும் படுக்கையும் உண்டு. எவரும் கோபித்துக்கொள்ள வேண்டா.